என்ன குழம்பு என்று கேட்டவர்

அந்த அக்கா எந்தப் பேச்சையும் குழம்பில்தான் ஆரம்பிப்பார். “இன்னைக்கு என்ன கொழம்பு வச்சீங்க?” பிள்ளைக்கு இன்னும் பேச்சு வரவில்லை, நடை வரவில்லை, பள்ளிக்கூடத்தில் வைத்துக்கொள்ள மாட்டேன் என்கிறார்கள் என்று கனத்த ஃபைலும் கையுமாக வந்து நிற்கும் அம்மாக்களிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். கே.கே. நகரில், வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகளைப் பார்க்கும் ஒரு சின்ன மையத்தில் அவருக்கு வேலை. டாக்டர் பார்ப்பதற்கு முன்னால், பிள்ளை வயிற்றில் இருந்த நாளிலிருந்து நடந்ததையெல்லாம் வீட்டாரிடம் கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். சம்பளமே இல்லாவிட்டாலும் அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார் என்பது என் எண்ணம்.

என்னிடமும் கேட்டார். எனக்குச் சுள்ளென்று வந்தது. நான் கணக்கு டீச்சர். பசுமலையில் தங்கிப் படித்து, பி.எட். முடித்து வேலைக்கு வந்தவள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி, பள்ளியில் லீவு சொல்லிவிட்டு, ஏழு வயது மகனை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். இந்தம்மா குழம்பு விசாரிக்கிறார்.

“ஒரு கொழம்பும் வைக்கல. காலையில நேரமில்ல,” என்றேன் வெடுக்கென்று.

“அப்ப தம்பி என்ன சாப்புட்டான்?”

“பஸ் ஸ்டாண்டுல இட்லி.”

“நீங்க?”

நான் மகனின் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டேன். அக்கா எழுந்து போய்த் தன் டிபன் பாக்ஸிலிருந்து பாதிச் சோற்றை ஒரு மூடியில் வைத்துக் கொண்டுவந்தார். “கத்திரிக்கா புளிக்கொழம்பு. உப்பு கம்மி, பொறுத்துக்கங்க,” என்றார். திட்டுவதற்கு வாய் திறந்தவள் சாப்பிட்டேன். அந்த ஒரு கேள்வியிலேயே எங்கள் வீட்டில் யார் சமைக்கிறார்கள், பிள்ளை பசியோடு கிளம்புகிறானா, வீட்டுக்காரர் ஊரில் இருக்கிறாரா, கடைசியாகச் சாப்பிடுவது யார் என்பதையெல்லாம் எடுத்துவிடுவார் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது.

இத்தனை வருஷம் கழித்து அவரை ஏன் நினைக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்கு இப்போது பதினெட்டு வயது. செடி நர்சரி ஒன்றில் வேலை பார்க்கிறான். போன மாதம் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், “ஏம்மா, எல்லாருக்கும் சொன்னது மண்டையில நிக்குது. எனக்கு மட்டும் ஏன் நிக்க மாட்டேங்குது?” என்று கேட்டான். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். எதுவும் நிற்காதவனுக்கு இந்தக் கேள்வி மட்டும் நிற்கவா போகிறது என்று நினைத்தேன். என் புத்தியைப் பாருங்கள். மறுநாளும் கேட்டான். அதற்கு மறுநாளும் கேட்டான். பதில் எனக்குத் தெரியும். அதை என் வாயிலிருந்து முதன்முதலில் வெளியே எடுத்தவர் அந்த அக்காதான். இனி அவனிடம் நானே சொல்ல வேண்டியிருந்தது. சொன்ன பிறகு என் முகத்தைப் பார்ப்பானா என்று பயமாக இருந்தது.

அக்கா ஐந்தடிகூட இருக்க மாட்டார். பிள்ளைகள் உட்காரும் குட்டி பிளாஸ்டிக் நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்துகொண்டு, பெரிய நாற்காலியை எங்களுக்குத் தருவார். கை சும்மா இருக்காது. கலந்து கிடக்கும் மணிகளை நிறம் பிரித்துக் கிண்ணத்தில் போடுவார், உடைந்த கிரேயானுக்குக் காகிதம் சுற்றுவார். பேசும்போது ஒரு எழுத்து எழுத மாட்டார். நாங்கள் எழுந்து போன பிறகுதான் நோட்டை எடுப்பார். ஏன் என்று கேட்டேன். “பேனாவைத் தொறந்தா வாயி மூடிக்கிரும் டீச்சர்,” என்றார்.

மையத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிவரும் ஆட்டோக்காரர் தினமும் அரை மணி நேரம் தாமதம். பொறுப்பாளர் திட்டிப் பார்த்தார், வேறு ஆள் வைப்பேன் என்று மிரட்டியும் பார்த்தார். ஆட்டோக்காரர் தலையைச் சொறிவாரே தவிர ஒன்றும் சொல்ல மாட்டார். அக்கா ஒருநாள் வாசலில் நின்று, “மாப்ள, நீ வர்ற வழியில எந்தக் கடையில டீ நல்லாருக்கும்?” என்று கேட்டார். அவர் சொன்ன கடை நேர் வழியில் இல்லை, மூன்று தெரு தள்ளி இருந்தது. “அங்க எதுக்குப்பா சுத்துற?” என்றதும் கொட்டிவிட்டார். பெரிய ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டால் ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறுகிறது, அதனால் சந்து சந்தாகச் சுற்றி வருகிறார். மறுநாளிலிருந்து மையம் அரை மணி நேரம் தள்ளித் திறந்தது.

இந்தக் குணம் எல்லா நேரமும் இனித்தது என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை அவரோடு பெரியார் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் டவுன் பஸ்ஸில் போனேன். இறங்குவதற்குள் பக்கத்து சீட்டு அம்மாவின் பித்தப்பைக் கல், சின்ன மகனின் காதல் கல்யாணம், மருமகளோடு பேச்சு நின்றுபோன காரணம் எல்லாம் அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத்தான் கூச்சமாக இருந்தது. அவர் கேட்பாரே தவிர, நாம் கேட்டால் பிடி கொடுக்க மாட்டார். “உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கக்கா?” என்று அன்றைக்குக் கேட்டுப் பார்த்தேன். “இங்க வர்றதுகளே போதும்னு இருக்கு,” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குமேல் கேட்க எனக்குத் தெரியவில்லை.

அவர் கோபப்பட்டு நான் பார்த்தது ஒரே ஒருமுறை. பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண், காலேஜ் முடித்த கையோடு வந்தவள், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவிடம் விவரம் எழுதிக்கொண்டிருந்தாள். அந்த அம்மா களையெடுக்கப் போகிறவர், நகக்கண்ணில் மண் இருந்தது. “நீங்க குடிப்பீங்களா? வயித்துல பிள்ளை இருந்தப்ப?” என்று கேட்டாள். அந்த அம்மாவுக்கு முகம் செத்துவிட்டது. “அந்த வாடையே ஆகாது தாயீ. அதுனாலதேன் புருசனையே வேணாம்னு வந்தேன்,” என்றார். அடுத்து என் முறை. எல்லாம் கேட்டாள், அதை மட்டும் கேட்கவில்லை. ‘மதுப்பழக்கம்’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று அவளே போட்டுக்கொண்டாள்.

அக்கா மணிக்கிண்ணத்தைக் கீழே வைத்தார். “ஏம்மா, அவுகள்ட்ட கேட்டீல்ல, டீச்சர்ட்ட ஏன் கேக்கல? சேலையப் பாத்தா கேள்வி கேப்ப? கேட்டா எல்லார்ட்டயும் கேளு. கேக்கத் தெரியலேன்னா யார்ட்டயும் கேக்காத,” என்று போட்டார் ஒரு போடு. அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கோ அக்கா மேல் ஆத்திரம். என்னையும் அந்தக் கேள்விக்கு உரியவளாக வைத்துப் பேசுகிறாரே என்று உள்ளுக்குள் கொதித்தேன். குடியா, நானா? எங்கள் வீட்டு வாசலில் குடித்துவிட்டு எவனாவது நின்றால் விளக்குமாறு பறக்கும்.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பாதி வீட்டில் பட்டாளத்துக்காரர்கள். என் வீட்டுக்காரரும் ஹவில்தார். லீவில் வரும்போது மிலிட்டரி கேன்டீன் ரம் கொண்டுவருவார்கள். கடையில் வாங்கினால் அது சரக்கு. பட்டாளத்து டிரங்குப் பெட்டியில் வந்தால் அது மருந்து. பீரோவில் பட்டுச்சேலைக்குப் பக்கத்தில் தைலத்தோடும் ஓமத்தண்ணியோடும் நிற்கும். சளி பிடித்தால் ரெண்டு மூடி, மூட்டு வலித்தால் தேய்க்க, பிள்ளை பெற்றவளுக்கு முட்டையில் அடித்து அரை டம்ளர். குடிகாரன் நிழல் பட்டாலே தலை முழுகுகிற பெண்கள்தான் அதை அளந்து ஊற்றுவார்கள்.

மகன் வயிற்றில் உண்டானதிலிருந்தே எனக்கு இடுப்பு வலி. நாள் முழுக்க நின்று பாடம் நடத்திவிட்டு வந்தால் உட்காரவும் முடியாது, படுக்கவும் முடியாது. அப்போது லீவில் இருந்த வீட்டுக்காரர் வெந்நீரில் மிளகும் கருப்பட்டியும் தட்டிப் போட்டு, ரெண்டு மூடி ரம் விட்டுக் கொடுத்தார். அவ்வளவு பிரியமாகக் கொடுத்தார். வலி அடங்கித் தூக்கம் வந்தது. ரெண்டு பாட்டிலை வைத்துவிட்டு டியூட்டிக்குப் போனார். ரெண்டு மூடி நாலு மூடியானது. பிறகு மூடியை விட்டுவிட்டு டம்ளருக்கு வந்தேன். பாட்டில் தீர்ந்ததும் லீவில் வந்த ஊர்க்காரர்களிடம் வாங்கிக்கொண்டேன். பிரசவம் வரைக்கும் அநேகமாகத் தினமும். குடிக்கிறேன் என்ற வார்த்தை ஒருநாளும் மனசில் வந்ததில்லை. படிவத்தில் ‘இல்லை’ என்று அந்தப் பெண் போட்டதும் எனக்குப் பொய்யாகத் தெரியவில்லை.

மகன் சின்னதாகப் பிறந்தான், தாமதமாக நடந்தான். ஆனால் பேச்சு மட்டும் கணீரென்று வந்தது. அதுதான் எங்களை ஏமாற்றியது. இவ்வளவு பேசுகிறவனுக்கு ரெண்டாம் வாய்ப்பாடு ஏன் வராது? நேற்று முழுசாகச் சொன்னான், இன்று முதல் வரியே தெரியாது. ஒரு வேலைக்கு அனுப்பினால் பாதி வழியில் நாய்க்குட்டியோடு உட்கார்ந்திருப்பான். அடுப்பு சுடும் என்பதை நாலு தடவை சுட்டும் கற்றுக்கொள்ளவில்லை. கணக்கு டீச்சர் மகன் கணக்கில் முட்டை என்றால் மற்ற டீச்சர்கள் சிரிக்க மாட்டார்களா? மர ஸ்கேலால் அடித்திருக்கிறேன். அடியைத் தடுக்க அவன் தூக்கிய முழங்கை இன்றைக்கும் என் கண்ணுக்குள் இருக்கிறது. ஓய்வு பெற்று வந்த வீட்டுக்காரர், “இவனுக்கு அம்புட்டும் கொழுப்பு,” என்று முடிவு கட்டி, அடிக்குப் பேர்போன ஒரு ஹாஸ்டல் பள்ளியின் விண்ணப்பத்தை வாங்கிவந்துவிட்டார். “பட்டாளத்துல எம்புட்டுப் பேரை நிமித்துறாங்க, இவன் எம்மாத்திரம்?” டாக்டர் என்ன சொல்கிறார் என்று கடைசியாக ஒருமுறை கேட்டுவிடலாம் என்றுதான் அவரையும் மையத்துக்குக் கூட்டிப்போனேன்.

அன்றைக்கும் டாக்டருக்கு முன்னால் அக்காதான். வீட்டுக்காரர் விறைப்பாக உட்கார்ந்திருந்தார், மடியில் ஹாஸ்டல் விண்ணப்பம். மகன் மூலையில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தான்.

“அண்ணே, இன்னைக்கு வீட்ல என்ன கொழம்பு?”

“கருவாட்டுக் கொழம்பு. நாந்தேன் வச்சேன்,” என்றார் பெருமையாக. பட்டாளத்துக்காரர்களிடம் சமையலைப் பற்றிக் கேட்டால் போதும். வந்ததிலிருந்து யாரிடமும் பேசாத மனுஷர் ஐந்து நிமிஷம் கருவாடு கழுவுகிற விதத்தைச் சொன்னார். அக்கா மணியைப் பிரித்துக்கொண்டே கேட்டார்.

“உங்க வீட்ல ஒடம்புக்கு முடியலேன்னா மொதல்ல என்னண்ணே எடுப்பீங்க? எங்க வீட்லன்னா சுக்கு, மிளகு.”

“எங்களுக்கும் அதேதேன். கசாயம், தைலம். ரொம்ப முடியலேன்னா நம்ம கேன்டீன் ரம்மு ரெண்டு மூடி. சுத்தமான சாமான்க்கா, கடைச்சரக்கு மாதிரிக் கலப்படம் கெடையாது.”

“டீச்சருக்கும் குடுப்பீங்களா?”

“பின்ன? இவன் வயித்துல இருக்கப்ப இடுப்பு வலியில துடிச்சுப் போயிட்டா. நாந்தேன் அளந்து ஊத்திப் பழக்கிவிட்டு, ரெண்டு பாட்டிலு வச்சிட்டுப் போனேன்.”

அக்காவின் முகத்தையே பார்த்தேன். ஒரு புருவம் ஏறவில்லை. சிவப்பு மணி சிவப்புக் கிண்ணத்தில்தான் விழுந்தது. என் பக்கம் திரும்பி, “ரெண்டு பாட்டிலு பத்துச்சா டீச்சர்?” என்றார்.

பத்தியது என்று சொல்லியிருக்கலாம். வீட்டுக்காரருக்கும் அவ்வளவுதான் தெரியும். இவ்வளவு காலமும் சிறு விஷயம் என்று நினைத்ததை அந்தக் கணத்தில் ஏன் மறைக்கத் தோன்றியது என்று தெரியவில்லை. அக்கா குரலில் கொஞ்சம் குற்றம் தொனித்திருந்தால்கூட எழுந்து சண்டை போட்டிருப்பேன். கத்திரிக்காய் பத்தியதா என்று கேட்பது போலக் கேட்டுவிட்டுக் காத்திருந்தார். “பத்தல,” என்றேன். “அப்புறமும் வாங்குனேன். மாசம் ரெண்டு ஆகும். பிள்ளை பொறக்குற வரைக்கும்.”

வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்து, சின்னப் பிள்ளை மாதிரி, “அது மருந்துதானக்கா?” என்றார்.

“நீங்க மருந்துன்னு நெனைச்சுத்தான் குடுத்தீங்கண்ணே. அவுகளும் மருந்துன்னுதான் சாப்புட்டாக. தம்பிக்கு அது ஆகல. எந்தத் தம்பிக்கும் ஆகாது.” கிண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். “இம்புட்டு நாளும் இவன் செய்ய மாட்டேங்குறான்னு நெனைச்சோம். செய்ய முடியலயோன்னு இனிமே பாப்போம். டாக்டர்ட்ட இத அப்படியே சொல்லுங்க, ஒரு சொட்டு கொறைக்காம.”

டாக்டர் சோதனைகள் எல்லாம் முடித்து, நிதானமாகச் சொன்னார். வயிற்றில் வளரும் பிள்ளையின் மூளையை மது கெடுக்கும், கொஞ்சம் என்றோ நல்லது என்றோ அதில் அளவு கிடையாது. முகத்தில் அடையாளம் தெரியாத பிள்ளைகளும் உண்டு, அதனால் அம்மா சொன்னால்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும். இது வயதோடு மறைந்துவிடாது, அடித்தாலும் போகாது. ஆனால் ஒரு நேரத்துக்கு ஒரு சொல், தினமும் அதே ஒழுங்கு, எழுத்துக்குப் பதில் படம் என்று வழி இருக்கிறது. வெளியே வந்ததும் வீட்டுக்காரர் ஹாஸ்டல் விண்ணப்பத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அதற்கப்புறம் நான் அதைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் மகனைத் தன் மடியிலேயே உட்கார வைத்துக்கொண்டு வந்தார். என்னோடு பேசவில்லை, திட்டவும் இல்லை.

நான் ஒரு மாதம் மையத்துக்குப் போகவில்லை. வீட்டுக்காரர்தான் கூட்டிப்போனார். அந்த அக்கா மேல் எனக்கு அப்படி ஒரு வெறுப்பு. குழம்பு குழம்பு என்று பேசியே என்னைக் குடிகாரி ஆக்கிவிட்டாள் என்று மனசுக்குள் ஏச்சு. பிறகு ஒருநாள் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், நான் போக வேண்டியதாயிற்று. வாசலிலேயே நின்றேன். “வாங்க டீச்சர். என்ன கொழம்பு?” என்றார், நேற்றுத்தான் பார்த்தவர் போல. “சாம்பார்,” என்று சொல்ல வந்தவள் அழுதுவிட்டேன். மகனை ஸ்கேலால் அடித்ததைச் சொன்னேன். நேற்று சொன்னதை இன்று தெரியாது என்கிறானே, நடிக்கிறான் என்று நினைத்துத்தான் அடித்தேன் என்றேன். “நேத்து தெரிஞ்சதும் நெசம், இன்னைக்குத் தெரியாததும் நெசம். திருப்பிச் சொல்லுங்க, புதுசாச் சொல்ற மாதிரிச் சொல்லுங்க,” என்றார். ஐந்து வருஷம் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தோம். பல் தேய்க்கிற படம், பை எடுக்கிற படம், பஸ் ஏறுகிற படம் என்று எங்கள் வீட்டுச் சுவரெல்லாம் படம். அக்கா ஒவ்வொரு படமாகக் கேட்டு வாங்கிப் பார்ப்பார். பிறகு ஒரு விடுமுறைக்குப் பின் போனபோது அவர் இல்லை. உறவுக்காரர் வீட்டோடு போய்விட்டார் என்றார்கள். எந்த ஊர் என்று கேட்டேன், யாருக்கும் தெரியவில்லை. எல்லாரையும் கேட்டவரை நாங்கள் யாரும் உருப்படியாக ஒன்றும் கேட்டு வைக்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன் முற்றத்தில் செம்பருத்திக்குத் தொட்டி மாற்றிக்கொண்டிருந்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ, “எனக்கு ஏன்மா மண்டையில நிக்க மாட்டேங்குது?” என்றான். வீட்டுக்காரர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். சொல் என்பது போலத் தலையை ஆட்டினார்.

சொன்னேன். ஒரு நேரத்துக்கு ஒரு சொல்லாகச் சொன்னேன். நீ என் வயிற்றில் இருந்தாய். எனக்கு இடுப்பு வலித்தது. நான் ரம் குடித்தேன். மருந்து என்று சொல்லவில்லை, குடித்தேன் என்றே சொன்னேன். அது உன் மூளைக்குப் போய்விட்டது, அதனால் உனக்கு நிற்பதில்லை, உன் மேல் ஒரு தப்பும் இல்லை, தெரியாமல் உன்னை அடிக்கவும் செய்தேன், தப்பெல்லாம் என்னுடையது. அவன் மண்ணை அழுத்திக்கொண்டே யோசித்தான். அவனுக்கு யோசிக்க நேரம் எடுக்கும். கத்துவான், தொட்டியைத் தூக்கிப் போடுவான், எழுந்து வெளியே போய்விடுவான் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன்.

நிமிர்ந்து பார்த்தான். “அத குடிச்சதும் ஒனக்கு வலி போச்சாம்மா?” என்று கேட்டான்.

“போச்சுடா,” என்றேன்.

“அப்ப சரி,” என்று சொல்லிவிட்டு, தண்ணீர் எடுக்க வாளியைத் தூக்கிக்கொண்டு போனான்.